கை தளர இடம் தரும் மவுஸ்

கடையில் மவுஸ் வாங்குகிறவர் முதலில் செய்வது, அதைக் கையில் எடுத்து உள்ளங்கைக்குள் பொத்திப் பார்ப்பது. முதுகு வளைவு உள்ளங்கையில் பொருந்தினால், கட்டைவிரலுக்கு ஒரு குழிவு கிடைத்தால், மேற்பூச்சு மெத்தென்று இருந்தால், கைக்கு இதமாக இருக்கிறது என்று முடிவுகட்டிப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார். கம்பியில்லா மவுஸ்கள் இன்று சில நூறு ரூபாயிலிருந்து பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் வரை விற்கின்றன. விலை ஏற ஏற அந்த முதல் நிமிட இதமும் ஏறுகிறது. ஆனால் கணினியை நம்பிப் பிழைக்கிறவரின் கையில் அந்த மவுஸ் நாள்தோறும் ஆறேழு மணி நேரம் இருக்கப்போகிறது. முதல் நிமிடத்தில் இதமாக இருப்பதும் ஆறாவது மணி நேரத்தில் இதமாக இருப்பதும் வேறு வேறு குணங்கள் என்பதும், கடையில் நாம் சோதிப்பது முதலாவதை மட்டுமே என்பதும்தான் இந்தக் கட்டுரையின் தொடக்கப் புள்ளி. மவுஸ் கையை எவ்வளவு அழகாகத் தாங்குகிறது என்று பார்ப்பதைவிட, வேலைக்கு நடுவே கை எத்தனை முறை முழுதாகத் தளர முடிகிறது என்று பார்ப்பதே சரியான அளவுகோல் என்று நினைக்கிறேன். இதற்கு ஆதரவாக உள்ள சான்றுகளையும், எதிராகச் சொல்லக்கூடியவற்றையும் ஒருசேர எடைபோட்டுப் பார்க்கலாம்.

வேகத்தைப் பற்றிய கேள்விக்கு விடை கிடைத்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகிறது. கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் யோசனைப்படி பில் இங்கிலிஷ் 1964இல் மரக்கூட்டுக்குள் இரண்டு சக்கரங்களை வைத்து முதல் மவுஸைச் செய்தார். அதை அவர்கள் அப்படியே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ஒளிப்பேனா, ஜாய்ஸ்டிக், மேசைக்கு அடியில் முழங்காலால் நகர்த்தும் கருவி ஆகியவற்றோடு போட்டியிடவைத்துப் பார்த்தார்கள். பழகிய கைகளிடம் மவுஸே வென்றது. பிறகு 1978இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்திலிருந்து ஸ்டூவர்ட் கார்டும் இங்கிலிஷும் பர்ரும் வெளியிட்ட கட்டுரை ஒரு படி மேலே போனது. ஒரு இலக்கின் தொலைவும் அகலமும் அதை எட்டக் கைக்கு ஆகும் நேரத்தை எப்படித் தீர்மானிக்கின்றன என்று உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954இல் சொன்ன விதியை வைத்து அவர்கள் மவுஸை அளந்தார்கள். மவுஸின் வேகம் வெறுங்கையின் வேகத்தை ஏறக்குறையத் தொட்டிருந்தது. மிச்சமிருந்த தாமதம் கருவியுடையது அல்ல, கண்ணுக்கும் கைக்கும் உரியது. அதன்பின் ரேடியோ அலையில் இயங்கும் கம்பியில்லா மவுஸை லாஜிடெக் 1991இல் கொண்டுவந்தது. 1999இல் மைக்ரோசாஃப்டின் இன்டெல்லிமவுஸ் எக்ஸ்புளோரர் உருளும் பந்தை ஒழித்து ஒளி உணரியைப் பரவலாக்கியது. அழுக்கும் சிக்கலும் குறைந்தன. அலுவலக வேலையில் சுட்டும் வேகம் மட்டும் பெரிதாக மாறவில்லை, மாற இடமும் இல்லை. ஆகவே தயாரிப்பாளர்கள் போட்டியைச் சௌகரியத்தின் பக்கம் திருப்பினார்கள். வேகத்துக்கு இருந்ததுபோல் தெளிவான அளவுகோல் சௌகரியத்துக்கு இல்லாததால், 'எர்கோனாமிக்' என்ற சொல்லை எந்த அட்டைப்பெட்டியின் மேலும் அச்சிட முடிகிறது.

மவுஸ் பிடிப்பது பாரம் தூக்குகிற வேலை அல்ல. ஒரு கிளிக்குக்கு அறுபது எழுபது கிராம் எடைக்குச் சமமான அழுத்தம் போதும். அப்படியிருந்தும் முன்கையும் தோளும் ஏன் வலிக்கின்றன? ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் யோரான் ஹாக் 1991இல் ஒரு விளக்கம் முன்வைத்தார். ஒரு தசையின் இழைகள் எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் இயங்குவதில்லை. சிறு விசை தேவைப்படும்போது சிறிய இழைக்குழுக்கள் முதலில் வேலைக்கு வருகின்றன. விசை கூடினால் பெரியவை சேர்ந்துகொள்கின்றன. விசை குறையும்போது பெரியவை முதலில் ஓய்கின்றன, சிறியவை கடைசியில்தான். எனவே தசை முழுதாகத் தளராமல் லேசான இறுக்கத்திலேயே மணிக்கணக்கில் இருந்தால், அதே சிறு குழுக்கள் மட்டும் ஓய்வின்றி உழைத்துச் சேதமடைகின்றன. எல்லோருக்கும் முன்னால் எழுந்து எல்லோருக்கும் பின்னால் படுக்கும் கதைப்பெண்ணை நினைத்து இதற்குச் சிண்டரெல்லா கருதுகோள் என்று பெயர் வைத்தார்கள். நார்வேயில் சாக்லேட் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பெண்களின் தோள் தசை மின்னலைகளைப் பதிவுசெய்த ஆய்வு ஒன்று 1993இல் வெளியானது. தசை கணநேரம் முற்றிலும் அமைதியாகும் சிறு இடைவெளிகள் யாரிடம் குறைவாக இருந்தனவோ, அவர்களுக்கே பின்னாளில் வலி வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. ஹாக் சொன்னது இன்னும் கருதுகோள்தான், எல்லா வலியையும் அது விளக்கிவிடாது. ஆனாலும் மவுஸ் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் வேறில்லை. எவ்வளவு விசை என்பதைவிட எவ்வளவு நேரம் விடாமல் என்பதே கேடு செய்கிறது.

மணிக்கட்டு பற்றிய சான்றும் இதே திசையைத்தான் காட்டுகிறது. உள்ளங்கையின் அடியில் எலும்புகளுக்கும் ஒரு தடித்த பட்டைக்கும் இடையே உள்ள குறுகிய வழியில் ஒன்பது தசைநாண்களும் ஒரு முக்கிய நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. அந்த வழிக்குள் அழுத்தம் கூடி நரம்பு நசுங்குவதே கார்ப்பல் டனல் நோய். கலிபோர்னியாவில் நடந்து 1999இல் வெளியான ஆய்வொன்றில், மணிக்கட்டுக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, மூன்று வெவ்வேறு மவுஸ்களைப் பயன்படுத்தும்போது உள்ளே அழுத்தம் எவ்வளவு என்று நேரடியாக அளந்தார்கள். மவுஸ்களுக்கு இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. கையை மவுஸ்மேல் சும்மா வைத்திருப்பதற்கும், பொத்தானை அழுத்தியபடி திரையில் எதையாவது இழுத்துச் செல்வதற்கும் இடையேதான் பெரிய வித்தியாசம். இழுக்கும்போது அழுத்தம், நரம்பின் இயக்கம் பாதிக்கப்படத் தொடங்கும் என்று கருதப்படும் 30 மி.மீ. பாதரச அளவை ஒட்டிச் சென்றது. வடிவத்தைவிடச் செயலே கணக்கில் வந்தது. டென்மார்க்கில் தொழில்நுட்பப் பணியாளர் சங்கத்தின் 9,480 உறுப்பினர்களை அழைத்து நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் மவுஸ் பிடித்தவர்களிடம் கை மரத்துப்போகும் அறிகுறிகள் கூடுதலாகத் தென்பட்டன. கீபோர்டுக்கு அப்படித் தொடர்பு தெரியவில்லை. மொத்தத்தில் கணினி வேலை இந்த நோய்க்குப் பெரிய அபாயக் காரணம் அல்ல என்றே அந்த ஆய்வாளர்கள் முடித்தார்கள். இதை மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் மவுஸ் விளம்பரங்கள் இந்த நோயைக் காட்டித்தான் பயமுறுத்துகின்றன. இரவில் விரல்கள் மரத்துத் தூக்கம் கலைகிறவர் புதிய மவுஸைத் தேடிப் போகாமல் மருத்துவரிடம் போக வேண்டும். நீரிழிவு, தைராய்டு குறைபாடு, கர்ப்பம் என்று அதற்கு வேறு காரணங்கள் பல உண்டு.

இந்தப் பின்னணியில்தான் செங்குத்து மவுஸைப் பார்க்க வேண்டும். முன்கையில் இரண்டு எலும்புகள் உள்ளன. உள்ளங்கையை மேசையை நோக்கிக் கவிழ்க்கும்போது ஒன்று மற்றொன்றின் குறுக்கே திரும்புகிறது. கைகுலுக்கும் நிலையில் அந்தத் திருகல் பாதியாகக் குறைந்துவிடும், ஆகவே மவுஸைச் சாய்த்துவிட்டால் கை இயல்பாக இருக்கும் என்பது தர்க்கம். லாஜிடெக்கின் லிஃப்ட், எம்.எக்ஸ். வெர்ட்டிகல் ஆகிய இரண்டும் 57 பாகை சாய்ந்தவை. தர்க்கம் நன்றாகவே இருக்கிறது, சான்றுதான் அந்த அளவுக்கு இல்லை. ஆஸ்திரேலியாவில் கார்ப்பல் டனல் நோயாளிகள் 21 பேரிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட சோதனையில், செங்குத்து மவுஸும் மணிக்கட்டுக்கு அடியில் வைக்கும் பட்டைகளும் மணிக்கட்டின் நிலையை மாற்றின, உள்ளே இருந்த அழுத்தத்தைக் குறைக்கவில்லை. அமெரிக்காவில் 206 பொறியாளர்களை ஓராண்டு கண்காணித்து 2008இல் வெளியான ஆய்வில், சிலருக்குச் சாதாரண மவுஸும் சிலருக்கு நிமிர்ந்த வடிவ மவுஸும் கொடுத்து, ஒவ்வொரு பிரிவிலும் பாதிப் பேருக்கு முன்கையைத் தாங்கும் பலகையையும் மேசையில் பொருத்தினார்கள். வலது கையின் அசௌகரியத்தைக் குறைக்கக்கூடும் என்று முடிவில் அவர்களால் சொல்ல முடிந்தது அந்தப் பலகையைப் பற்றித்தான். மாற்று மவுஸின் பயன் புள்ளியியல்படி உறுதிப்படவில்லை. இத்தகைய சோதனைகளை எல்லாம் சேர்த்துச் சலித்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் 2018ஆம் ஆண்டு மதிப்பாய்வும், கைத் தாங்கியோ மாற்று மவுஸோ கழுத்து, தோள் நோய்களைக் குறைக்கலாம், குறைக்காமலும் போகலாம், சான்றுகள் ஒத்துப்போகவில்லை என்றே சொல்கிறது.

செங்குத்து மவுஸால் வலி போனது என்று சொல்லும் எத்தனையோ பேரின் அனுபவம் பொய்யா என்று கேட்கலாம். பொய் இல்லை. நார்வேயில் ஆர்னெ ஆராஸ் குழுவினர், ஏற்கெனவே வலியோடு இருந்த கணினிப் பணியாளர்களுக்கு முன்கையைத் திருகாமல் பிடிக்கும் மவுஸைக் கொடுத்தபோது, சில மாதங்களில் வலி குறைந்ததைக் காட்டியிருக்கிறார்கள். முன்கைத் திருகலால் வலி வந்தவருக்குத் திருகலைக் குறைத்தால் வலி குறைவது இயல்பு. அதிலிருந்து, வலியே இல்லாதவரும் செங்குத்து மவுஸ் வாங்கினால் வலி வராமல் தடுக்கலாம் என்ற முடிவுக்குத் தாவுவதைத்தான் சான்று தாங்கவில்லை. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சாதாரண மவுஸில் கிளிக் விசை கீழ்நோக்கி மேசைக்குப் போய்விடுகிறது. செங்குத்து மவுஸில் அது பக்கவாட்டில் போவதால் மவுஸ் நகராமலிருக்கக் கட்டைவிரல் எதிர்ப்பக்கம் முட்டுக்கொடுக்க வேண்டும். முன்கைக்கு ஓய்வு கிடைக்கும்போது கட்டைவிரலின் அடிப்பகுதி அந்தக் கூலியைக் கொடுக்கிறது. செல்போனில் தட்டச்சு செய்து ஏற்கெனவே கட்டைவிரல் நொந்துபோனவர்களுக்கு இது நல்ல மாற்று அல்ல. புதிய மவுஸுக்கு மாறியதும் கிடைக்கும் நிம்மதியில் ஒரு பங்கு, பழைய தசைகளுக்கு விடுப்பு கிடைத்ததால் வந்தது என்றே கருதுகிறேன். இந்த எண்ணத்துக்குக் கடைசியில் திரும்ப வேண்டியிருக்கும்.

வடிவத்தின் சாய்வைவிட அளவு முக்கியம். வளர்ந்தவர்களின் கை நீளம், மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரை, ஏறத்தாழ 16 செ.மீ.யிலிருந்து 20 செ.மீ.க்கு மேல் வரை வேறுபடுகிறது. சராசரியில் பெண்களின் கை ஆண்களுடையதைவிட ஒன்று ஒன்றரை செ.மீ. குட்டை. மவுஸின் நீளம் கை நீளத்தில் அறுபது சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும் என்று ஆர்வலர்கள் ஒரு கணக்கு சொல்வார்கள். விஞ்ஞான விதி இல்லை என்றாலும் வழிகாட்டியாகப் பயன்படும் கணக்கு அது. 17 செ.மீ. கைக்கு 102 மி.மீ., 20 செ.மீ. கைக்கு 120 மி.மீ. என்று வரும். பலரும் உச்சி மவுஸாகப் போற்றும், லாஜிடெக்கின் எம்.எக்ஸ். மாஸ்டர் வரிசையின் நீளம் ஏறத்தாழ 125 மி.மீ. அதன் வளைவும் கட்டைவிரல் மேடையும் பெரிய கையை எண்ணிச் செய்யப்பட்டவை. சிறிய கைக்காரர் அதை முதன்முதலில் பிடிக்கும்போது சொகுசாகவே உணர்வார், மெத்தைமேல் கை வைத்ததுபோல இருக்கும். ஆனால் பொத்தானையும் சக்கரத்தையும் எட்ட விரல்களை நீட்டியபடி வைத்திருக்க வேண்டும். நீட்டிய விரல் தளர்ந்த விரல் அல்ல. மறுபுறம், பைக்குள் போடுவதற்காகச் செய்த தட்டையான குட்டி மவுஸைப் பெரிய கை நகங்களால் கவ்வுவதுபோல் பிடிக்க நேர்கிறது, உள்ளங்கை அந்தரத்தில் நிற்கிறது. இரண்டிலும் கெடுவது ஒன்றே: வேலை செய்யாத கணத்திலும் கை வேலை செய்துகொண்டிருக்கிறது. கடையில் ஒரு சோதனை செய்யலாம். மவுஸைப் பிடித்தபின் கண்ணை மூடிக்கொண்டு கையை முழுதாகத் தளரவிட வேண்டும். விரல்கள் தாமாகப் பொத்தான்கள்மேல் படிந்து கிடந்தால் அளவு சரி. சரிந்து வெளியே விழுந்தாலோ, உள்ளங்கை மேசையைத் தேடி இறங்கினாலோ, வேறொன்றை எடுக்கலாம்.

எடை பற்றிய பேச்சில் குழப்பம் அதிகம். கணினி விளையாட்டுக்காரர்களுக்கான மவுஸ்கள் அறுபது கிராமுக்கு இறங்கிவிட்டன, மேற்சொன்ன எம்.எக்ஸ். மாஸ்டரோ 140 கிராமை ஒட்டியது. ஏ.ஏ. அளவு ஆல்கலைன் பேட்டரி ஒன்று மட்டுமே 23 கிராம் இருக்கும். மேசைமேல் தள்ளும்போது இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, ஏனென்றால் வழுக்கும் அடிப்பட்டைகளில் உராய்வு, எடையின் சிறு பங்குதான். தூக்கும்போதுதான் கதை மாறுகிறது. மேசை விளிம்புக்கு வந்துவிட்ட மவுஸைத் தூக்கி நடுவில் வைக்கக் கட்டைவிரலும் எதிர்ப்புற விரல்களும் அதை இடுக்கிப் பிடிக்க வேண்டும். வழுவழுப்பான பக்கங்களைப் பிடித்து நிறுத்த, மவுஸின் எடை அளவுக்கோ அதற்கு மேலோ இருபுறமும் அழுத்தம் தேவை. நாளில் நூற்றுக்கணக்கான முறை நடக்கும் இந்த இடுக்கலைக் குறைக்க இலேசான மவுஸ் வாங்குவது ஒரு வழி. செலவில்லாத இன்னொரு வழி, தூக்கத் தேவையே இல்லாதபடி கர்சரின் வேகத்தை அமைப்பது. 1920 புள்ளி அகலமுள்ள திரையில் 1000 டி.பி.ஐ. (ஓர் அங்குல நகர்வுக்கு 1000 புள்ளி) அமைப்பு, முடுக்கம் சேர்க்காமல், ஐந்து செ.மீ. நகர்விலேயே கர்சரை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கொண்டுபோய்விடும். 3840 புள்ளித் திரைக்கு அதுவே பத்து செ.மீ. ஆகும், அப்போது வேகத்தைக் கூட்ட வேண்டும். அதற்காக எல்லையில்லாமல் கூட்டவும் கூடாது. இலக்கு சிறுத்து நுணுக்கம் கூடக்கூட முன்கைத் தசைகள் இறுகுகின்றன. திரையில் எழுத்தையும் ஐகான்களையும் கொஞ்சம் பெரிதாக்கிக்கொண்டால் அந்த இறுக்கம் தளரும். மவுஸின் சௌகரியத்தில் ஒரு பங்கு திரை அமைப்பில் கிடக்கிறது என்பதை விற்பனையாளர்கள் சொல்லமாட்டார்கள்.

கிளிக் எவ்வளவு இலேசோ அவ்வளவு நல்லது என்பதும் பாதி உண்மைதான். விரலின் எடைக்கே பொத்தான் அழுந்திவிடும் என்றால், தவறான கிளிக் விழாமலிருக்க விரலை அந்தரத்தில் தூக்கியே வைத்திருக்கப் பழகிவிடுவோம். மவுஸ் பிடிப்பவர்களைக் கவனித்த ஆய்வாளர்கள் இந்தத் தூக்கிய விரலைத் தனிப் பழக்கமாகவே பதிவுசெய்திருக்கிறார்கள். புறங்கையிலிருந்து முழங்கை வரை ஓடும், விரலை நிமிர்த்தும் தசைகள் அப்போது ஓய்வதே இல்லை. விரலைப் படியவிடும் அளவுக்குக் கொஞ்சம் கடினமான பொத்தானே நீண்ட நேரத்துக்கு நல்லது. ஸ்க்ரோல் சக்கரத்திலும் இதே விரல் நிமிர்த்தல் வருகிறது. நீண்ட ஆவணங்களைப் படிப்பவர்கள் ஒரு நாளில் கிளிக்கைவிட அதிகமாகச் சக்கரத்தைத்தான் உருட்டுகிறார்கள். ஒரு தட்டில் தடையின்றிச் சுழலும் கனமான சக்கரம் அவர்களுக்கு உண்மையிலேயே உதவும். விலை கூடிய மவுஸ்களில் காசுக்குப் பெறுமான அம்சம் ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் சொல்வது இதைத்தான்.

கம்பி போனதால் கைக்கு என்ன லாபம்? கம்பியின் இழுவை மறைந்தது சிறிய லாபம். கம்பியில்லாத இணைப்பு மோசமாக இருந்தால் அந்த லாபம் கரைந்து நட்டமாகிவிடும். தாமதம் கையை எப்படிப் பாதிக்கிறது என்று கனடாவைச் சேர்ந்த மெக்கன்சியும் வேரும் 1993இல் அளந்தார்கள். கர்சர் 225 மில்லிவினாடி பின்தங்கியபோது ஒரு இலக்கை எட்டும் நேரம் 64 சதவீதமும் தவறுகள் 214 சதவீதமும் கூடின. ஒவ்வொரு தவறும் திரும்ப ஒரு குறிபார்ப்பு, ஒரு இறுக்கம். இதை வைத்துப் பார்த்தால் இரண்டு விஷயங்கள் தெளிவாகின்றன. நொடிக்கு 125 தடவை தகவல் அனுப்பும் சாதாரண மவுஸின் 8 மில்லிவினாடிக்கும், நொடிக்கு 1000 தடவை அனுப்பும் விளையாட்டு மவுஸின் 1 மில்லிவினாடிக்கும் இடையிலான வித்தியாசம் அலுவலகக் கையை எட்டாது, அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. சமிக்ஞை விட்டுவிட்டு வருவதால் ஏற்படும் திக்கல்தான் கையைப் பாடுபடுத்துகிறது. மவுஸ், ப்ளூடூத், வைஃபை எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நெருக்கிக்கொள்கின்றன. போதாததற்கு யூ.எஸ்.பி. 3.0 துளைகளும் அதே வரிசையில் இரைச்சலைக் கக்குகின்றன என்று இன்டெல் நிறுவனமே 2012இல் அறிக்கை வெளியிட்டது. கணினிப் பெட்டியின் பின்புறம், வெளி ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்தில் ரிசீவரைச் செருகிவிட்டு மவுஸைக் குறைசொல்கிறவர்கள் ஏராளம். ஒரு சிறு நீட்டிப்புக் கம்பியால் ரிசீவரை மேசைமேல் கொண்டுவந்துவிட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ப்ளூடூத் மவுஸ் ஒரு துளையை மிச்சப்படுத்துகிறது, ஆனால் சற்று நேரம் தொடாமல் விட்டால் உறங்கிப்போய் விழிக்கத் தாமதிக்கும். தனி ரிசீவரோடு வருவதையே நாள் முழுதும் வேலை செய்பவருக்குப் பரிந்துரைப்பேன். மேற்பூச்சைப் பற்றி ஒரு வரி: மிருதுவான ரப்பர் பூச்சுகள் வெப்பமும் ஈரப்பதமும் கூடிய ஊர்களில், குறிப்பாகச் சென்னை போன்ற கடற்கரை நகரங்களில், சில ஆண்டுகளில் சிதைந்து பிசுபிசுக்கின்றன. சொரசொரப்பான வெறும் பிளாஸ்டிக்கே நீடிக்கும்.

கம்பியில்லாமையின் பெரிய லாபம் வேறிடத்தில் இருக்கிறது. மவுஸை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். எண்பகுதியோடு கூடிய முழு கீபோர்டு ஏறத்தாழ 44 செ.மீ. அகலம். எழுத்துகளின் நடுப்பகுதி உடலுக்கு நேரே வருமாறு உட்கார்ந்தால், மவுஸ் வலக்கோடிக்குத் தள்ளப்பட்டு, தோள் நாள் முழுதும் வெளியே விரிந்து நிற்கிறது. மவுஸின் வடிவத்தை எவ்வளவு செதுக்கினாலும் இந்தத் தோள் இறுக்கம் போகாது. பொறியாளர்களிடம் நடந்த சோதனையில் முன்கைத் தாங்கி முன்னுக்கு வந்ததன் பொருளும் இதுதான். எண்பகுதி தேவைப்படாதவர்கள் அது இல்லாத, எட்டு ஒன்பது செ.மீ. குட்டையான கீபோர்டுக்கு மாறுவது, எந்த மவுஸை வாங்குவதைவிடவும் கூடுதல் பலன் தரும். டாலி மென்பொருளில் கணக்கெழுதுபவர்களுக்கு எண்பகுதி இல்லாமல் முடியாது. அவர்களுக்குச் சரியான தீர்வு மவுஸை இடது கைக்கு மாற்றுவது. இடப்பக்கம் எண்பகுதி இல்லாததால் மவுஸ் உடலுக்கு அருகில் வந்துவிடும், வலது கை எண்களிலேயே இருக்கலாம். இடது கையில் மவுஸைப் பிடித்தபோது தோள் உடலைவிட்டு விலகுவது குறைந்ததைக் கனடாவில் 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. இதற்கு மவுஸ் இருபுறமும் ஒரே வடிவமாக இருக்க வேண்டும். வலக்கைக்கென்று செதுக்கிய விலையுயர்ந்த மவுஸ்கள் இந்த வழியை அடைத்துவிடுகின்றன. இருநூறு முந்நூறு ரூபாய் கூடக்கொடுத்து வளைவுகளை வாங்குகிறவர், கை மாற்றும் சுதந்திரத்தைச் சேர்த்து விற்றுவிடுகிறார். சமச்சீரான எளிய மவுஸ் மலிவானதாகவும் இருப்பதால் அதைத் தரம் குறைந்தது என்று எண்ணிவிடுகிறோம்.

பந்தை உருட்டிச் சுட்டும் டிராக்பால் பக்கம் சாய்பவர்கள், மவுஸையே நகர்த்தாதபோது இந்தத் தொல்லைகள் ஏதுமில்லையே என்பார்கள். கை நகர்வதில்லை என்பது சரி. கட்டைவிரலால் உருட்டும் வகையில் முழுச் சுமையும் ஒரே விரலுக்குப் போகிறது. பெரிய பந்தைப் பல விரல்களால் உருட்டும் வகை இதில் மேலானது, மேசையில் இடமில்லாதவர்களுக்கும் நல்லது. மடிக்கணினியின் தொடுபலகை போதும் என்பவர்களுக்கு, சிவகாசியின் அச்சகங்களில் நாள் முழுதும் படங்களை இழுத்து ஒட்டும் பக்க வடிவமைப்பாளரின் வேலையை நினைவூட்ட வேண்டும். இழுத்தல்தான் மணிக்கட்டை அதிகம் அழுத்தும் செயல் என்று பார்த்தோம், தொடுபலகையில் அது இன்னும் சிரமம். அத்தகைய வடிவமைப்பாளர்கள் கீபோர்டு குறுக்குவழிகளைக் கற்பதும், ஒரு முறை கிளிக் செய்து பிடித்து மறுமுறை கிளிக்கில் விடும் கிளிக் லாக் வசதியைக் கணினியில் இயக்கிக்கொள்வதும் மவுஸ் மாற்றத்தைவிட உதவும். இந்தக் கருவிகளில் எது சிறந்தது என்ற கேள்வியே தவறாக எழுப்பப்படுகிறது என்பது என் முடிவு. ஒவ்வொன்றும் ஒரு தசைத் தொகுதிக்கு ஓய்வு தந்து வேறொன்றின் மேல் சுமையை ஏற்றுகிறது. ஆகவே பத்தாயிரம் ரூபாய்க்கு ஒரு மவுஸ் வாங்குவதைவிட, வேறு வேறு வடிவத்தில் இரண்டு எளிய மவுஸ்களை வாங்கி, முற்பகலில் ஒன்றும் பிற்பகலில் மற்றொன்றுமாக, முடிந்தால் கைக்கு ஒன்றாக, பயன்படுத்துவது மேல். ஒரே கணினியில் இரண்டும் ஒரே நேரத்தில் இணைந்திருக்கலாம், எதை நகர்த்தினாலும் கர்சர் கேட்கும். இரண்டு கருவிகளுக்குப் பழகுவதில் வேகம் குறையாதா என்றால், முதல் இரண்டு வாரங்களில் குறையும். பிறகு கை தானாகத் தெரிந்துகொள்ளும். இடது கையில் நுணுக்கமான படவேலை வராமலே போகலாம், அதை வலது கைக்கு ஒதுக்கிவிட்டு, படிப்பதையும் அஞ்சல் பார்ப்பதையும் இடது கைக்குக் கொடுக்கலாம்.

இவ்வளவையும் தனியாள் தன் காசில் தேர்ந்தெடுக்கும் காரியமாகவே பேசிவந்தோம். உண்மையில் மவுஸ் பிடிப்பவர்களில் பெரும்பகுதியினர் அதைத் தேர்ந்தெடுப்பதே இல்லை. அலுவலகம் மொத்தமாக வாங்கி மேசைமேல் வைப்பதைத்தான் பிடிக்கிறார்கள். காலணியை ஒரே அளவில் வாங்கிக் கொடுக்க எந்த நிறுவனமும் துணியாது, மவுஸை மட்டும் அப்படித்தான் வாங்குகிறார்கள். 16 செ.மீ. கையுள்ள பெண்ணும் 20 செ.மீ. கையுள்ள ஆணும் ஒரே பொருளை ஒரே இடத்தில், கீபோர்டின் வலக்கோடியில், எட்டு மணி நேரம் பிடிக்க வேண்டியிருக்கிறது. வலி வந்தபின் மேசைக்கு ஒரு செங்குத்து மவுஸை அனுப்பிவைப்பதைச் சில நிறுவனங்கள் பெருமையாகச் செய்கின்றன. அதற்கு ஆகும் செலவில், நூறு பேருக்கு மவுஸ் வாங்கும்போதே சமச்சீர் வடிவில் 95 மி.மீ.யை ஒட்டி ஒன்று, 105இல் ஒன்று, 115இல் ஒன்று என்று மூன்று அளவுகளை வாங்கிவைத்து, வேலைக்குச் சேரும் நாளில் ஒரு அளவுகோலால் கையை அளந்து கொடுத்துவிட முடியும். எண்பகுதி வேண்டாதவர்களுக்குக் குட்டைக் கீபோர்டும், மேசை முழங்கை உயரத்துக்கு மேலே போகிறவர்களுக்குக் கால் வைக்கும் பலகையோடு உயர்த்திய நாற்காலியும் அன்றே ஒரு படிவத்தில் கேட்டுப் பதிவுசெய்துகொள்ளலாம்.